வழி யாருக்கு?

‘ஊர்சுற்றி’ என்றோர் சொல் நம்மிடையே வழங்குகிறது. எவரும் அதைப் பாராட்டாகப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. வேலை வெட்டியற்றவன், வீட்டுக்கு அடங்காதவன், பொறுப்பறியாதவன் — இத்தனை பொருளும் அந்த ஒரு சொல்லுக்குள்ளே அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆணைக் குறிக்கும்போதாவது அதிலே சிறிது சிரிப்பு கலந்திருக்கும். பெண்ணைக் குறிக்கும்போதோ, அது பழிச்சொல்லாகவே மாறிவிடுகிறது! ஊரைச் சுற்றிப் பார்ப்பது குற்றமா? உலகம் எப்படி இருக்கிறதென்று அறிய விரும்புவது ஒழுக்கக்கேடா? கேட்டுப் பாருங்கள் தோழர்களே, விடை கிடைக்காது. ஒரு முறைப்புத்தான் கிடைக்கும்.

பெண்கள் பயணமே போவதில்லையா என்று கேட்கலாம். போகிறார்கள். திருமணத்துக்குப் போகிறார்கள், இழவுக்குப் போகிறார்கள், பேறுகாலத்துக்குப் போகிறார்கள், நேர்த்திக்கடனுக்குப் போகிறார்கள். ஒரே நிறச் சேலை உடுத்தி, ஒரு பேருந்து நிறைய அமர்ந்து, இரவெல்லாம் பாடிக்கொண்டு நூறு கல் தொலைவு போய் வருகிறார்கள். அப்போது எந்த வீட்டிலும் எந்தத் தடையும் இல்லை. அந்தப் பெண்களின் மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. அவர்கள் கடவுளைக் காணப் போகிறார்களா, அடுப்படியைக் காணாதிருக்கப் போகிறார்களா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு! ஆனால் ஒன்று: ‘காண்பதற்காகவே போகிறேன்’ என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், திறந்திருந்த கதவெல்லாம் மூடிக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டபோது, ‘இனிப் பெண்கள் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள்’ என்று எள்ளி நகைத்தோர் எத்தனை பேர்! கிளம்பினால் என்ன கெட்டுவிடும் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவேயில்லை.

நான் போளூரில் வாழ்பவள். பள்ளி ஆசிரியை. ஆரணிப் பட்டு என்று நாடெங்கும் பேர் பெற்ற சேலையை நெய்யும் வட்டாரத்திலே, தறியோசை கேட்டுக் கண் விழித்து, தறியோசை கேட்டுக் கண்ணயர்ந்து வளர்ந்தவள். சென்ற அரையாண்டு விடுமுறையில் என்னோடு பணியாற்றும் ஆசிரியைகள் இருவரும் நானும் ஐந்து நாள் பயணம் ஒன்று போய் வந்தோம். விடுதி தேடவில்லை, உறவினர் வீடும் தேடவில்லை. ஒரு வேனையே வீடாகக் கொண்டோம்.

இந்த எண்ணம் பிறந்த வகையைச் சொல்லிவிடுகிறேன். பொருளியல் ஆசிரியையின் தமையன் வேல்சு நாட்டிலே பணிபுரிகிறார். விடுமுறை நாட்களில் அந்நாட்டார் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேன்களில் ஏறி, குன்றும் கடலும் சூழ்ந்த நாட்டைச் சுற்றி வருவதை அவர் தங்கைக்கு எழுதுவார். ஆடு மேயும் பசும் புல்வெளி, கற்பலகை வெட்டி எடுத்த மலைகள், 2012இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 1400 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரை நடைபாதை — இவற்றையெல்லாம் கணவனும் மனைவியும், நண்பரும் தோழியரும் எவர் அனுமதியும் கேளாமல் கண்டு வருகிறார்களாம். செருமானிய நாட்டில் 1950இல் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் வேன் செய்யத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, அதனுள் படுக்கை அமைக்கும் வழக்கமும் தோன்றிவிட்டது. நம் அண்டை மாநிலமான கேரளம் 2021இல் இதற்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டமே வகுத்தது. ‘நம்மிடமும் வேன் இருக்கிறது, சாலை இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. வேறென்ன வேண்டும் டீச்சர்?’ என்றார் பொருளியல் ஆசிரியை. அவருடைய தந்தை வாடகை வேன் ஓட்டுபவர்; மகளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பின்னிருக்கையை எடுத்துவிட்டுப் பலகை பரப்பினோம். மேலே இலவம்பஞ்சு மெத்தை. பலகையின் கீழே அரிசி, பருப்பு, சிறிய கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், நான்கைந்து புத்தகங்கள்.

வேறென்ன வேண்டும்? அனுமதி வேண்டுமே! என் தந்தையார் நல்லவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பிப் பட்டம் பெறச் செய்தவர். அவரே கேட்டார்: “வயசுப் பொண்ணுங்க மூணு பேரு ரோட்டுல படுத்துத் தூங்கறதா? ஊரு என்னம்மா சொல்லும்?” ஊர் என்ன சொல்லும்! இந்த நாட்டின் எழுதப்படாத அரசியல் சட்டத்துக்கு இந்த ஒரே விதிதான் போலும். இரண்டு நாள் வாதத்துக்குப் பிறகு உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. அம்மா காவலாக உடன் வர வேண்டும், வந்தால் போகலாம்.

அம்மாவுக்கு வயது 52. சிறுமியாக இருந்தபோது தார் சுற்றத் தொடங்கிய கை. திருமணத்துக்குப் பின் தறிக்குழியில் இறங்கிய கால். மணப்பெண்கள் எத்தனையோ பேருக்குப் பட்டு நெய்து கொடுத்தவர். கடல் நீலச் சேலை, அலை போட்ட கரை என்று எத்தனையோ நெய்தவர். கடலை மட்டும் கண்டதில்லை! போளூரிலிருந்து மரக்காணத்துக் கடற்கரை 150 கிலோமீட்டர்கூட இராது. 52 ஆண்டுகளில் அந்தத் தொலைவைக் கடக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. காரணமில்லாமல் போகப் பெண்ணுக்கு உரிமையில்லை. காவலுக்காக வண்டியேறிய அம்மா, எங்களுக்கு முன்பே சன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

புறப்பட்டோம். போளூருக்குத் தென்மேற்கே பருவதமலை நிற்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் கூறும் நவிரமலை இதுவே என்பர் அறிஞர். நம் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது அந்த நூல். 583 அடிகள். எந்தப் பாறை வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்க வேண்டும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும், சேயாற்றங்கரையில் எப்படி நடக்க வேண்டும் — அத்தனையும் அதிலே உண்டு. வேல்சு நாட்டுக்குப் போவோர் இன்று வழிகாட்டி நூல் வாங்குகிறார்கள். நமக்கோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இதே மலைக்கு, இதே ஆற்றுக்கு வழிகாட்டி நூல் இருந்தது! வகுப்பிலே அதை மனப்பாடப் பகுதியாக நடத்தி முடித்துவிடுகிறோம். அந்த மலை சன்னலுக்கு வெளியே நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை.

அந்தக் கூத்தர் கூட்டத்தில் ஆடவர் மட்டுமா இருந்தனர்? விறலியரும் இருந்தனர். பாடியும் ஆடியும் பிழைத்த பெண்கள், முழவும் யாழும் சுமந்த சுற்றத்தோடு காடும் மலையும் கடந்தார்கள். அவர்களை ‘ஊர்சுற்றி’ என்று அந்தப் புலவர் ஏசவில்லை. அந்தப் பாடல் வேந்தனைப் புகழும் பாடல் என்பதை நான் மறக்கவில்லை. அக்காலத்தில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் காலுக்கு வழி அடைக்கப்பட்டது இயற்கையின் ஏற்பாடல்ல, இடையிலே வந்த ஏற்பாடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

போளூரை அடுத்த திருமலையிலே சமணரின் நேமிநாதர் சிலை ஏறத்தாழ 16 மீட்டர் உயரம் நிற்கிறது. அங்குள்ள சமணப் பள்ளியொன்று இராசராசனின் தமக்கையார் குந்தவையின் பெயரால் வழங்குகிறது. தினமும் பேருந்தில் அந்த வழியே போய் வருகிற எங்கள் அறிவியல் ஆசிரியை அன்றுதான் அதை முதன்முதலாகக் கண்டார். பிறகு அத்திமூர் வழியே சவ்வாது மலை ஏறினோம். சமுனாமரத்தூரை அடையும்போது குளிர் வேனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். ஒரு மூதாட்டி அருகே வந்தார். ‘யார்? எந்த ஊர்?’ என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். சாமைச் சோறும் அவரைக்குழம்பும் வந்தன. அம்மாவும் அவரும் இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் தறியைப் பற்றிச் சொன்னார். மற்றவர் சாமைக் கதிரைப் பற்றிச் சொன்னார். இருவர் கைகளும் ஒரே அளவு காய்த்துப் போயிருந்தன.

மறுநாள் மலையின் மறுபுறம், காவலூர் வானோக்கு நிலையம் இருக்கும் காட்டுப் பகுதிக்குப் போனோம். 1986ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது, அந்நிலையத்தை நிறுவிய வைணு பாப்புவின் பெயர் தாங்கியது. 1977இல் யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென உலகம் அறிந்ததில் காவலூரின் கண்களுக்கும் பங்கு உண்டு. 1988இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுசன் பெயரைப் பெற்றது. அறிவியல் ஆசிரியை இவற்றையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினார். அன்றிரவு வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விண்மீன்களைப் பார்த்தோம். “சோசியருக்கு ரூபாய் கொடுத்துத் தெரிஞ்சுக்கிட்ட கிரகமெல்லாம் இங்க சும்மாவே காட்டறாங்களா?” என்றார் அம்மா. நூறு மேடைப் பேச்சு செய்யாத வேலையை ஓர் இரவின் வானம் செய்துவிட்டது!

மலையிறங்கி, ஆரணி கடந்து, வந்தவாசிச் சாலையில் கிழக்கே சென்றோம். 1760ஆம் ஆண்டு சனவரி 22இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதினர். பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலத் தளபதி ஐர் கூட் முறியடித்தான். யார் நம்மை ஆள்வது என்பதை நம்மைக் கேளாமலே நம் வயலில் நின்று முடிவு செய்துகொண்டார்கள். சாலையோரப் பெயர்ப் பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தபோது, வேல்சு மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்த நாட்டுச் சாலைகளில் வண்டியோட்டிகளுக்கு ‘மெல்ல’ என்று எச்சரிக்கும் சொல் ‘அரவ்’ என வேல்சு மொழியிலும் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல் சாலையிலே இடம்பிடிக்க எத்தனை போராட்டம்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளியிலே தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் மரக்கட்டை கட்டித் தொங்கவிட்ட கொடுமை அங்கே நடந்தது. 1962இல் அம்மொழிக்கென ஒரு கழகம் தோன்றியது, ஆங்கிலம் மட்டும் இருந்த பலகைகளுக்கு இளைஞர்கள் சாயம் பூசினர், சிறை சென்றனர். 1967, 1993, 2011 எனப் படிப்படியாக வந்த சட்டங்கள் அந்த மொழிக்கு உரிய இடத்தை அளித்தன.

1965ஆம் ஆண்டைப் பாருங்கள். அங்கே, லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டுமென்று, வேல்சு மொழி பேசிய கேப்பல் கெலின் என்ற சிற்றூரை, பள்ளியோடும் வழிபாட்டு மன்றத்தோடும் நீரில் மூழ்கடித்தனர். வேல்சு மக்களின் எதிர்ப்பு செவியில் ஏறவில்லை. அதே ஆண்டில் இங்கே, தமிழ் மாணவர்கள் தாய்மொழிக்காகத் தெருவில் இறங்கினர். மூழ்கிய ஊரை மறவாதீர் என்று கடற்கரைச் சாலையோரச் சுவரொன்றில் அவர்கள் எழுதிய எழுத்தை, வேனில் போவோர் இன்றும் நின்று படிக்கிறார்களாம். நாமும் 1952இல் இரயில் நிலையங்களில் தார்ச்சட்டி ஏந்தியவர்கள். 2017இல் வேலூர், கிருட்டிணகிரிப் பகுதி நெடுஞ்சாலைக் கற்களில் இந்தி எழுத்து ஏறியபோது மீண்டும் குரல் எழுப்பியவர்கள். வழியைக் காட்டும் பலகை எந்த மொழியில் இருக்கிறதோ, அந்த மொழிக்காரருக்கே வழி சொந்தம் என்பதை இரு நாட்டாரும் அறிந்திருக்கிறோம்.

ஆனால், தோழர்களே, பலகையிலே நம் மொழி இருந்துவிட்டால் மட்டும் போதுமா? அன்று மாலை நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஊர் ஒன்றே குற்றவாளி என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ஏரிக்கரையோரம் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சோறு பொங்கிக்கொண்டிருந்தோம். பெரியவர் ஒருவர் வந்தார். ஆசிரியைகள் என்றதும் மகிழ்ந்தார், பாராட்டினார். இரவு தங்க இடம் கேட்டோம். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்:

“நீங்க என்ன ஆளுங்கம்மா?”

பொருளியல் ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். ஊரார் ‘காலனி’ என்று ஒதுக்கிச் சொல்லும் பகுதியில் பிறந்து, தெருவிளக்கில் படித்து, பட்டம் இரண்டு பெற்றவர் அவர். “வாத்தியார் ஆளுங்க, ஐயா” என்றார்.

“அது சரி. பிறப்புல?”

அடுப்பிலே சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எவரும் பேசவில்லை. அம்மாதான் முதலில் எழுந்தார். பாதி வெந்த சோற்றை மூடினார், அடுப்பை அணைத்தார். “வண்டிய எடு டீச்சரம்மா. இந்த மரத்துக்கு நிழல் இல்ல” என்றார். இரவல்லவா, நிழல் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அம்மா சொன்னது எனக்குப் புரிந்தது. ஊரில் அத்தனை வழக்கத்துக்கும் தலையாட்டி வாழ்ந்தவர் என்று நான் எண்ணியிருந்த தாய், அன்று அந்த ஆசிரியையின் பக்கத்திலே முன்னிருக்கையில் போய் அமர்ந்துகொண்டார். வழி நெடுக அவர் தோள்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

1924இல் வைக்கத்திலே மக்கள் போராடியது எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. நடக்கும் உரிமை வந்தது. சாலையில் இன்று எவரும் நடக்கலாம், எவரும் வண்டி ஓட்டலாம். சுங்கச் சாவடியில் காசு வாங்குபவர் சாதி கேட்பதில்லை. ஆனால் வண்டி நிற்கும் இடத்திலே அந்தக் கேள்வி காத்துக்கொண்டு நிற்கிறது! ஓடும்வரை மனிதர், நின்றால் சாதி. வழி பொதுவாகிவிட்டது, திண்ணை இன்னும் பொதுவாகவில்லை. மலையிலே ‘சாப்பிட்டீங்களா’ என்ற கேள்வி. சமவெளியிலே ‘என்ன ஆளுங்க’ என்ற கேள்வி. இவ்விரண்டில் எது நாகரிகம் என்று எவரேனும் என் மாணவிகளுக்கு விளக்கட்டும்.

அன்றிரவு நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் தங்கினோம். இரவுக் காவலர், “வெளிச்சத்துல நிறுத்திக்குங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வரும் கழிப்பறை அங்கே இருந்தது. ஐந்து நாளில் எங்களை மிகவும் வாட்டியது எது என்று கேட்டால், பேயுமில்லை, திருடனுமில்லை, கழிப்பறை! கோபுரத்துக்கு வழி கேட்டால் பத்துப் பேர் கை நீட்டுகிறார்கள். பெண்களுக்கான கழிப்பறைக்கு வழி கேட்டால் பத்துப் பேரும் தரையைப் பார்க்கிறார்கள். மூடநம்பிக்கைகள் மட்டுமா பெண்ணை வீட்டில் கட்டி வைத்திருக்கின்றன? கதவில்லாத, தண்ணீரில்லாத ஒரு சிறு அறையும் கட்டி வைத்திருக்கிறது.

நான்காம் நாள் காலை திண்டிவனம் கடந்து மரக்காணம் சேர்ந்தோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பர். மழைக்காலம் விலகாத நேரமாதலால் உப்பளப் பாத்திகளில் உப்பு இல்லை, வானம்தான் கிடந்தது. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்கு வேலையில்லை. “எங்க தறிக்குழியிலயும் தண்ணி ஊறிடும், மழைன்னா எங்களுக்கும் பட்டினிதான்” என்றார் அம்மா, வரப்பில் நின்ற ஒரு பெண்ணிடம். பட்டும் உப்பும் பேசிக்கொண்டன.

பிறகு கடல். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமணலில் நின்றார். நெடுநேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பின்னர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “இதுக்குக் கரை இருக்கு. முந்தானை எங்கடி?”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தார். நெய்தவற்றுக்கெல்லாம் முடிவு கண்ட கண்ணுக்கு, முடிவு தெரியாத ஒன்று முதன்முறையாக எதிரே இருந்தது. புதுச்சேரியும் பார்த்தோம், பாரதிதாசன் வாழ்ந்த இல்லத்தையும் பார்த்தோம், செஞ்சிக் கோட்டை வழியே வீடும் திரும்பினோம்; அவற்றையெல்லாம் விரித்துரைக்க இங்கே இடமில்லை. நான் எழுத வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். 52 ஆண்டுகள் ஒரு மனிதரை அந்தக் கேள்வி கேட்க விடாமல் வைத்திருந்தது எது? வறுமை ஒரு பாதி. மறு பாதி, ‘எதற்குப் போக வேண்டும்?’ என்ற கேள்வி.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஒன்பதாம் வகுப்பு மாணவிகளைக் கேட்டேன்: கடல் கண்டவர் எவர்? எழுந்த கைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மலைபடுகடாம் கூறும் மலையை ஏறியவர்? அதைவிடக் குறைவு. நாங்கள் மூவரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை மாணவிகளையும், வர விரும்பும் அவர்தம் தாய்மார்களையும் காவலூருக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்வது. அதற்கான வேண்டுகோளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டோம். பெற்றோர் கூட்டத்தில் பேச என் தாயார் இசைந்திருக்கிறார்.

இளைஞர்களே, உங்களிடம் கேட்பது பெரிதல்ல. வேன் வேண்டாம்; நகரப் பேருந்து போதும். உங்கள் வீட்டிலே ஒரு தாய் இருப்பார், தமக்கை இருப்பார். இன்னும் காணாத ஏதோ ஒன்று பத்துக் கல் தொலைவில் அவருக்கும் இருக்கும். திருமணமும் இழவும் வரக் காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள். அழைத்துச் செல்லக்கூட வேண்டாம். அவர் புறப்படும்போது ‘எதற்கு?’ என்று கேளாதிருங்கள். உங்கள் ஊராட்சியிலே, பேருந்து நிலையத்திலே, பெண்களுக்குப் பூட்டாத கழிப்பறை வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள்; கிடைக்கும்வரை எழுதுங்கள். உங்கள் ஊர் மரத்தடியில் அயலூர் வண்டியொன்று இரவிலே வந்து நின்றால், முதற்கேள்வி எது என்பதை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சவ்வாது மலை மூதாட்டி அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்: “சாப்பிட்டீங்களா?”